காஸோஸுக்கு இரண்டு பேர்

என் மனைவி இஜ்லால் முலூக்கியாக் கீரையை ஆய்ந்துகொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் மறுபாதியில் நான் கடல் வரைபடத்தை விரித்தேன். காம்பு ஒன்று கிரீட் தீவின் மேல் வந்து விழுந்தது. அதை எடுத்து அவள் பக்கமே போட்டுவிட்டு, பென்சிலால் அலெக்சாந்திரியாவிலிருந்து காஸோஸ் என்ற கிரேக்கத் தீவுக்கு நேராக ஒரு கோடு இழுத்தேன். முந்நூறு கடல் மைலுக்குக் கொஞ்சம் குறைவு. என் பழைய இழுவைப் படகை யாராவது என்னிடம் கொடுத்தால், இன்று காலை கிளம்பி நாளை மத்தியானம் அங்கே காபி குடிக்கலாம். ஆனால் பயணிகள் கப்பல் எதுவும் இப்போது அந்தப் பக்கம் போவதில்லை. விமானத்தில் ஏறி, தீவைத் தாண்டி ஏதென்ஸ் வரை போய் இறங்கி, அங்கிருந்து கிரீட்டுக்குத் திரும்பி வந்து, அப்புறம் ஒரு சின்னக் கப்பலைப் பிடிக்க வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. கடலில் வாழ்ந்தவனுக்கு இதைவிட அவமானம் வேண்டாம்.

ஆனாலும் திட்டத்தில் ஓட்டை எதுவும் இல்லை, அதை நான் தைரியமாகச் சொல்வேன். முப்பத்தைந்து வருஷம் இந்தத் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவன் நான். என் படகைப் போல நூறு மடங்கு பெரிய கப்பல்களை ஊசிக் காதில் நூல் கோப்பதுபோல் கொண்டுவந்து கட்டியிருக்கிறேன். இரண்டு கடவுச்சீட்டிலும் விசா குத்தி வாங்கியாயிற்று. காற்று கிளம்பினால் சின்னக் கப்பல் ஓடாது என்பதால் கிரீட்டில் இரண்டு நாள் உபரியாக வைத்திருந்தேன். கப்பலில் குமட்டினால் போட்டுக்கொள்ள மாத்திரைகூட வாங்கி வைத்துவிட்டேன். இப்ராஹிமிய்யாப் பேட்டையில் முப்பது வருஷமாக மருந்துக்கடை நடத்துகிறவள் இஜ்லால். நான் வேறு கடையில் போய் மாத்திரை வாங்கி வந்ததைப் பார்த்து அவள் அன்று முழுதும் சிரித்தாள்.

காஸோஸில் அவளுக்கு என்ன வேலை என்றால், தெயானோ. தெயானோ எங்கள் தெருவுக்கு மூன்றாவது தெருவில் பிறந்த கிரேக்கப் பாட்டுக்காரி. கிரேக்கர்கள் கப்பல் கப்பலாக இந்த ஊரைவிட்டுப் போன காலத்தில் அவளும் போனாள், பேர் வாங்கினாள், தன் தாத்தாவின் தீவான காஸோஸில் செத்துப்போனாள். அவள் பாட்டுக்கு உசிரையே விடுகிற ஜனங்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். வருஷாவருஷம் செப்டம்பரில் ஜப்பானிலிருந்தும் அர்ஜென்டினாவிலிருந்தும்கூட அந்தத் தீவில் வந்து கூடுகிறார்கள். நாலு நாள் பாட்டு, சாப்பாடு, அழுகை. என்னைக் கேட்டால் அந்தக் குரல் பல்வலிக்காரி ஒருத்தி பக்கத்து அறையில் முனகுவதுபோல இருக்கும். இஜ்லாலுக்கு அப்படி இல்லை. துணி தேய்க்கும்போதும் மருந்துக் கணக்கு பார்க்கும்போதும் ஒரு காதில் அவள்தான். மகன் குர்தகாவுக்கு வேலைக்குப் போன பிறகு, இந்த வீட்டில் என்னைவிட அதிகம் பேசுகிறவள் தெயானோதான்.

அவளை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்ததே நான்தான் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. நிச்சயம் ஆன வருஷம், சரக்குக் கப்பலில் கடைநிலை மாலுமியாகக் கிரேக்க நாட்டு பிரேயஸ் துறைமுகத்தில் இறங்கியபோது, கரையில் ஒரு கடையில் ஒரு கேசட் வாங்கினேன். அட்டையில் இருந்தவளின் புருவம் இஜ்லாலின் புருவம்போல இருந்தது, அதனால் வாங்கினேன். விருந்துக்கு வருகிற எவரையும் இதைச் சொல்லாமல் நான் அனுப்பியதில்லை. நான் சொல்லும்போது இஜ்லால் தேநீர் ஊற்றிக்கொண்டு புன்னகைத்தபடி இருப்பாள்.

தீவில் அந்தச் சந்திப்பை நடத்துகிறவள் காலியோப்பி என்ற கிரேக்கக் கிழவி. நம் நாட்டு போர்ட் சயீதில் பிறந்து வளர்ந்தவள், தீவுக்குப் போய் ஐம்பது வருஷம் ஆகியும் எங்கள் அரபுப் பேச்சை விடவில்லை. நம் சந்தைக்காரிகள் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பேசிய மாதிரி பேசுவாள். ஒரு நாள் கைபேசித் திரையில் அவள் முகம் வந்தது. பின்னால் வெள்ளைச் சுவர், அதில் ஒரு வாணலி. படுக்கை, சாப்பாடு எல்லாம் பேசி முடித்ததும், முதல்முறை வருகிறவர்களுக்கு அங்கே ஒரு வழக்கம் இருக்கிறதென்று சொன்னாள். முதல் நாள் சாயங்காலம் புதிதாக வந்தவர் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, அந்தக் குரல் தனக்குள்ளே எப்போது நுழைந்தது என்று சொல்ல வேண்டும். அதுதான் நுழைவுச் சீட்டு. அதைச் சொல்லாதவர் பாட முடியாது.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அது என் கதை அல்லவா. இஜ்லால் எழுந்து நிற்பாள், பிரேயஸ், கேசட், புருவம் என்று சொல்வாள், ஜப்பான்காரன் முதல் எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். நான் லேசாகத் தலை வணங்குவதா, கையை மட்டும் உயர்த்துவதா என்றுகூட யோசித்து வைத்தேன். இஜ்லால் அன்று ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது என் பழக்கம்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஃபூல் என்கிற மொச்சைக் கூட்டும் வெங்காயமும் சாப்பிட்டு முடித்ததும் அவளை எழுந்து நின்று சொல்லிப் பார்க்கச் சொன்னேன். “உனக்கு வேற வேலையே இல்ல,” என்று சிரித்தாள். நானே ஆரம்பித்துக் கொடுத்தேன்.

“என் வீட்டுக்காரர் பிரேயஸ்ல இறங்கினப்போ…”

அவள் கரண்டியைத் தட்டில் வைத்தாள். “அந்தக் கேசட்டு நாலு வருஷம் மேல் தாளைக்கூடப் பிரிக்காம அலமாரியில கெடந்துது, ஹில்மி.”

நான் வேடிக்கை என்று நினைத்தேன். அவள் முகம் வேடிக்கைக்குரியதாக இல்லை.

“நிஹாலுக்கு அப்புறம்தான் பிரிச்சேன். மக்னஸா அடிச்ச அன்னைக்கு…”

“மக்னஸா இல்ல, பெரிய ஃபைதா,” என்றேன். “மக்னஸா நவம்பர். இது ஜனவரி. எனக்குத் தெரியாதா? நான்தானே வெளிய நின்னுக்கிட்டிருந்தேன்.”

எங்கள் ஊரில் குளிர்காலப் புயல் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, தேதி உண்டு. துடைப்பம் என்று பெயர் வாங்கிய மக்னஸா முதலில் வரும், ஃபைதா வெகு பின்னால். துறைமுகத்துக்காரன் இதில் தப்பு விடமாட்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. எண்ணெய்க் கப்பலின் இயந்திரம் நின்றது, துறைமுக வாயை மூடியது, முதல் கயிறு அறுந்தது, இரண்டாவதைக் கட்டியது, மூன்று நாள் அதைப் பாறையில் மோதவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றது என்று வழக்கம்போல முழுவதையும் சொன்னேன். இஜ்லால் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள்.

“நீ வந்தா அதை நீதான் சொல்லுவ,” என்றாள். “நான் தனியாப் போறேன்.”

நிஹால் எங்கள் முதல் பிள்ளை. பெண். இரண்டு மாதம் இருந்தாள். காய்ச்சல் வந்த இரவில் நான் துறைமுகத்துக்கு வெளியே இருந்தேன். புயல் விட்டு உள்ளே வந்து கால் வைத்தபோது, அவளை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். இஜ்லாலின் அண்ணன்தான் கையில் ஏந்திக்கொண்டு போனானாம். யார் மேலும் தப்பில்லை. வாய் மூடிய துறைமுகத்துக்குள் எவனும் வர முடியாது. கப்பலைக் காப்பாற்றியதற்கு எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள், கூடத்தில் மாட்டியிருக்கிறது. அந்தப் புயலை நான் கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன், மகனின் நண்பர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட அந்தக் கதைக்குள் நிஹால் வந்ததில்லை. வேண்டுமென்று விட்டதில்லை. சொல்கிறபோது அவளுக்கு அதில் இடம் இருக்கவில்லை.

ஆனால் அன்று இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. தூதரகப் படியேறியது நான், டிக்கெட் போட்டது நான், கடைசியில் நான் வேண்டாமா? மறுநாள் அவள் கடைக்குப் போனதும் காலியோப்பியைக் கூப்பிட்டேன். ஒருத்திக்குத்தான் படுக்கை, புருஷன் வரவில்லை என்று விறைப்பாகச் சொன்னேன். அவள் எதையோ வெட்டிக்கொண்டே கேட்டாள்.

“உன் பொண்டாட்டி இதுவரைக்கும் ரெண்டு படுக்கைன்னுதான் சொல்லியிருக்கா. சண்டையா?”

நான் இல்லை என்றேன். பிறகு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டு, நடந்ததைச் சொன்னேன். நிஹால் பெயரைச் சொல்லவில்லை. நான் கதையில் குறுக்கிட்டுவிடுவேன் என்று அவள் பயப்படுகிறாள் என்று மட்டும் சொன்னேன்.

“அதுக்கென்ன,” என்றாள் காலியோப்பி. “அந்த சாயங்காலம் கூட வந்த புருஷன்மாரையெல்லாம் நான் சமையக்கட்டுல உக்கார வச்சிருவேன். திராட்சை எலையில அரிசி சுருட்டணும். எங்க ஊருச் சுருட்டு சுண்டுவிரல்ல பாதிதான் இருக்கும் கேப்டனே, அதைச் சுருட்டுற ஆம்பளைக்கு வேற நெனப்பே வராது. நடுவுல கல்லுச் சுவரு. ஒண்ணும் கேக்காது.”

கப்பல் இழுத்த கையால் அரிசி சுருட்டச் சொல்கிறாள் என்று எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டு, கடற்கரைச் சாலையில் இறங்கி மீனவர் பேட்டையான அன்ஃபூஷி வரை நடந்தேன். மீன்காரர்கள் வலை காய வைத்திருந்தார்கள், கடல் தட்டையாகக் கிடந்தது. ஒரு கல்லில் உட்கார்ந்து, இஜ்லால் அந்தச் சபையில் நின்று என்ன சொல்வாள் என்று என் மனதுக்குள் சொல்லிப் பார்க்க முயன்றேன். எங்கே ஆரம்பிப்பாள் என்றே தெரியவில்லை. எண்ணெய்க் கப்பலின் பெயர் எனக்கு நினைவிருந்தது, அதன் கொடி நினைவிருந்தது, அறுந்த கயிறு எவ்வளவு தடிமன் என்பது நினைவிருந்தது. குழந்தையின் கண் என்ன நிறம் என்று வரவில்லை. என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள், அது மட்டும் வந்தது. அந்த வீட்டில் அந்த வாரம் யார் இருந்தார்கள், யார் சமைத்தார்கள், இஜ்லால் எங்கே படுத்தாள், எதற்காக அந்தக் கேசட்டின் தாளைக் கிழித்தாள், எனக்கு எதுவும் தெரியாது. நான் கேட்டதே இல்லை. வந்து இறங்கியதும் புயலைப் பற்றிப் பேச ஆரம்பித்தவன்தான். அந்தக் கல்லில் உட்கார்ந்து அழுதேன். அறுபத்தெட்டு வயதில் பட்டப்பகலில் அழுகிறவனை அன்ஃபூஷியில் யாரும் கண்டுகொள்ளவில்லை, அது அந்தப் பேட்டையின் நல்ல குணம்.

திரும்பும் வழியில் சந்தையில் திராட்சை இலை வாங்கினேன். வீட்டில் அரிசியில் தக்காளி, மல்லித்தழை எல்லாம் போட்டுப் பிசைந்து, மேசையில் உட்கார்ந்து சுருட்ட ஆரம்பித்தேன். காலியோப்பி பொய் சொல்லவில்லை. பெரிய சுருட்டு எவனாலும் முடியும். சின்னதாகச் சுருட்டப்போனால் இலை கிழிந்தது, அரிசி பிதுங்கியது. இஜ்லால் கடையை மூடிவிட்டு வந்தபோது என் முன்னால் ஒரு தட்டு நிறையச் சுருட்டுகள் முடமும் மொண்டியுமாகக் கிடந்தன.

அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் பார்த்தாள். இது என்ன கூத்து என்று கேட்டாள்.

“முதல் நாள் சாயங்காலம் நான் சமையக்கட்டுல இருப்பேன்,” என்றேன். “காலியோப்பிகிட்டப் பேசிட்டேன். கல்லுச் சுவராம், ஒண்ணும் கேக்காதாம். நீ பேசி முடிச்சதும் யாராச்சும் வந்து என்னைக் கூப்பிட்டாப் போதும். அதுகூட வேணாம்னா நான் கிரீட்டுலயே நின்னுக்கிறேன். கப்பல் ஏத்திவிட்டுட்டு, திரும்பி வர்ற அன்னைக்கு வந்து நிக்கிறேன்.”

இஜ்லால் எதிரில் உட்கார்ந்தாள். தட்டிலிருந்து ஒன்றை எடுத்து விளக்குக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதை அந்தத் தீவில் வைத்தால் நம் ஊர் மானம் போய்விடும் என்றாள். அதைப் பிரித்து, இலையின் நரம்பைக் கிள்ளி எடுத்து, அரிசியைப் பாதியாகக் குறைத்து மறுபடி சுருட்டினாள். சுண்டுவிரலில் பாதி. பிறகு இன்னொன்று. நான் அவள் கையைப் பார்த்து அதேபோலச் செய்தேன். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அது என்னவென்று தெரியாமலே உட்கார்ந்திருந்தேன், அது எனக்குப் புதிது.

“அங்க யாருக்கும் நம்ம காத்து பேரு தெரியாது,” என்றாள் அவள் திடீரென்று. “தப்பாச் சொன்னாலும் யாரும் கேக்கப்போறதில்ல.”

ஆமாம் என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். “மக்னஸா அடிச்சுக்கிட்டிருந்துது,” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

ஃபைதா என் நாக்கு நுனி வரை வந்து நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அன்னைக்குத்தான் அவ பொறந்தா, ஹில்மி. மக்னஸா அடிச்ச அன்னைக்கு. நான் அங்கேருந்துதான் ஆரம்பிக்கணும். நீ எப்பவும் அவ போன நாள்லேருந்தே ஆரம்பிச்சுடுற.”

என் கையில் இருந்த இலை பிரிந்து அரிசி மேசைமேல் சிந்தியது. அவள் அதை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கித் தன் உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டே, ஜன்னல் கண்ணாடி எப்படி அதிர்ந்தது என்றும், குழந்தையின் கண் முதலில் எந்தப் பக்கம் திரும்பியது என்றும் சொல்லிக்கொண்டு போனாள்.