மேனேஜர் நனைந்த நாள்

நீல நிறப் பொத்தானை உள்ளங்கையால் அழுத்திவிட்டு, அத்தை காதைத் தூணோடு ஒட்டிவைத்துக்கொண்டு நின்றாள். பூங்காவின் நடுவே இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புத் தூண். அதைச் சுற்றி வட்டமாகச் சிமெண்டுத் தரை, தரையில் பதித்த இருபத்திரண்டு உலோகத் துளைகள். பொத்தானை அழுத்தினால் அந்தத் துளைகளிலிருந்து தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீறிட்டுக் கிளம்ப வேண்டும், பிள்ளைகள் அதற்குள் புகுந்து ஓட வேண்டும். ஏற்பாடு அப்படித்தான். ஆனால் ஒரு சொட்டு வரவில்லை. 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது' என்று இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதியோடு ஒரு பலகை சொன்னது. அந்த எழுத்துகளே வெயிலில் பாதி வெளுத்துப் போயிருந்தன. ஒரு துளையில் யாரோ ஐஸ்கிரீம் குச்சியைச் செருகி வைத்திருந்தார்கள்.

"செத்துப் போச்சா அத்தை?" என்றான் வாலு. ஐந்து வயது. காலையிலிருந்தே நீச்சல் டிரவுசரைப் போட்டுக்கொண்டு திரிந்தவன்.

"இல்லடா. உள்ள டிக்குனு ஒரு சத்தம் கேக்குது. உயிர் இருக்கு."

அவனுடைய அக்கா பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது. பையில் இரண்டு துண்டு, வாலுவுக்கு மாற்றுத் துணி, தண்ணீர் பாட்டில், பிஸ்கட், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி எல்லாம் வரிசையாக இருக்கும். அடுக்கியது அவள்தான். அவளுக்கென்று மாற்றுத் துணி மட்டும் அதில் இருக்காது. வந்த இரண்டாவது நாளே அத்தை அவளுக்கு மேனேஜர் என்று பேர் வைத்துவிட்டாள். அந்தப் பேருக்கு அவள் சிரிக்கவில்லை, சரி என்று எடுத்துக்கொண்டாள்.

அத்தைக்குப் பிள்ளைகளோடு பழக்கம் கிடையாது. பதினாறு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். இடுங்கிய குழிகளிலும் கிரீஸ் வாடையிலும் தனியாக வேலை பார்த்துப் பழகியவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "அதுக்கு இன்னும் கம்ப்ளெய்ண்ட் வரல" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள். அண்ணிக்கு ஏழாம் மாதத்தில் திடீரென்று ரத்தம் கண்டு, ஆஸ்பத்திரியில் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று போட்டுவிட்டார்கள். அண்ணன் பகலில் வேலை, சாயங்காலம் ஆஸ்பத்திரி என்று அலைந்தான். பள்ளிக்கூடம் கோடை விடுமுறை. சேர்த்து வைத்திருந்த லீவை எல்லாம் ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள் அத்தை. மூன்றாவது மாடி, மேற்குப் பார்த்த ஜன்னல். பதினோரு மணிக்கெல்லாம் வீடு அடுப்பு மாதிரி ஆகிவிடும். பிள்ளைகளை வெளியே இழுத்துக்கொண்டு போவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

வீட்டுக்குப் பக்கத்துப் பூங்கா இப்படிக் கைவிரித்துவிட்டதால், ஊரில் இருக்கிற மற்ற பூங்காக்களைத் தேடி ஒவ்வொரு நாளாகப் புறப்பட்டார்கள். ஒன்றில் சறுக்குமரம் வெயிலில் காய்ந்து, உட்கார்ந்த வேகத்தில் வாலு துள்ளி எழுந்தான். இன்னொன்றில் ஊஞ்சல் இருந்தது, சங்கிலி இல்லை. இரண்டு பஸ் மாறிப் போன மூன்றாவதில் தண்ணீர் நன்றாகவே பீச்சியது. ஆனால் ஊர்ப் பிள்ளைகள் மொத்தமும் அங்கேதான் இருந்தன. வாலு கூட்டத்துக்குள் நுழைந்து சிராய்த்த ஒரு முழங்காலோடும் பாதி அழுகையோடும் திரும்பி வந்தான். மேனேஜர் பிளாஸ்திரியை எடுத்து நீட்டினாள். அப்போது எதிரே ஓடிய ஒரு சிறுமியின் காலடியிலிருந்து தண்ணீர் தெறித்து இவள் பாதத்தில் விழுந்தது. கையளவு தண்ணீர்கூட இருக்காது. மேனேஜரின் முகம் வெளிறிவிட்டது. துண்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்தாள். பிறகு குனிந்து, பெஞ்சுக்கு அடியில் சிந்தியிருந்த தண்ணீரையும் துடைத்தாள்.

இறங்கு, நனை, நான் பையைப் பிடித்துக்கொள்கிறேன் என்று அத்தை எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். "தம்பிய யாரு பாத்துக்கறது?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வீட்டிலும் யார் குளித்துவிட்டு வந்தாலும் உடனே உள்ளே போய்ப் பழந்துணியால் தரையை ஒற்றி எடுப்பாள். இந்த வயதில் இவ்வளவு பொறுப்பா என்று அத்தை இரண்டு தடவை வாய்விட்டுப் பாராட்டியிருந்தாள். அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது அந்தப் பாராட்டு மனசை உறுத்தியது. என்னவோ சரியில்லை என்று பட்டது. எது என்று பிடிபடவில்லை.

கைக்குப் பிடிபட்டது பக்கத்துப் பூங்காதான். மறுநாள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பூங்கா அலுவலகத்துக்குப் போய் நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் தலையை நிமிர்த்தாமல், "மோட்டார் போயிடுச்சும்மா. புதுசு வரணும்" என்றார்.

"எப்போ வரும்?"

"எழுதிப் போட்டிருக்கோம்."

"எப்போ எழுதினீங்க?"

அவர் தலை நிமிர்ந்தது. பின்னால் தேநீர்க் கோப்பையோடு நின்ற ஒரு மனிதர் திரும்பிப் பார்த்தார். காதுமடல் வரை எண்ணெய்க் கறை. ஊரிலிருக்கிற பதினோரு பூங்காவுக்கும் அவர் ஒருவர்தான் பம்ப் ஆபரேட்டர் என்று பிறகு தெரிந்தது. அத்தை கண்ணாடியை விட்டுவிட்டு அவரிடமே பேசினாள்.

"மோட்டார் போகல சார். பட்டன அழுத்தினா உள்ள இருக்கிற ரிலே ஸ்விட்ச் தட்டுது. அதுக்கப்புறம் ஒண்ணு வழிய மறிச்சுக்கிட்டு நிக்குது. தொறந்து பாத்தீங்களா?"

"நீங்க யாரு?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"இது லிஃப்ட் இல்லம்மா."

"தெரியும். லிஃப்ட் நின்னா உள்ள ஆள் மாட்டிக்குவாங்க, அரை மணி நேரத்துல நான் போய் நிக்கணும். இதுல யாரும் மாட்டல. அதான் ரெண்டு வருஷமா யாரும் வரல."

ஆபரேட்டர் கோப்பையை மேஜையில் வைத்தார். கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். வாலு அந்த இடைவெளியில், "நான் மாட்டியிருக்கேன். வீட்டுக்குள்ள" என்றான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்கூடச் சிரித்துவிட்டார்.

"வியாழக்கிழமை காலைல வர்றேன். தொறந்து காட்டறேன். மோட்டார்தான்னு தெரிஞ்சா அப்புறம் இந்தப் பக்கம் வரக்கூடாது" என்றார் ஆபரேட்டர்.

வியாழக்கிழமை சொன்னபடி வந்தார். புதர் ஓரத்திலிருந்த இரும்பு மூடியை நெம்புகோலால் தூக்கி, டார்ச்சோடு ஏணியில் இறங்கினார். அடியில் ஒரு தொட்டி. அதில் தண்ணீர் இருக்கிறதா என்று மோட்டாருக்குச் சொல்ல ஒரு மிதவை. தண்ணீர் ஏறினால் மிதவையும் ஏற வேண்டும், ஏறினால்தான் மோட்டார் ஓடும். வெகுநேரம் உள்ளேயிருந்து சுரண்டுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு ஒரு கை மேலே வந்தது. கையில், சேறு பிடித்த ஒரு குழந்தையின் செருப்பு.

"இது வடிகால் வழியா வந்து மிதவைக்கு மேல ஆப்பு மாதிரி சொருகிக்கிட்டு இருந்துச்சு" என்றார், தலையை வெளியே நீட்டாமலே. "தொட்டி காலின்னு நெனச்சுக்கிட்டு மோட்டார் சும்மா கெடந்திருக்கு." பிறகு, "மோட்டாருக்கு ஒண்ணும் ஆகல" என்று முணுமுணுத்தார். ஜெயித்த இடத்தில் வாயை மூடிக்கொள்வது அத்தை வேலையில் கற்றுக்கொண்டது. தொட்டியைக் கழுவ வேண்டும், புதுத் தண்ணீர் நிரப்பிச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும், திங்கட்கிழமை திறக்கலாம் என்றார் அவர்.

பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த மேனேஜர் எழுந்து வந்து அந்தச் செருப்பைப் பார்த்தாள். விரல் நீளம்தான் இருக்கும்.

"இந்தப் பாப்பாவ யாராவது திட்டுவாங்களா?" என்று கேட்டாள்.

"எதுக்கும்மா திட்டணும்? அதுக்கென்ன தெரியும்" என்றார் ஆபரேட்டர்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் வாலு முன்னால் ஓட, மேனேஜர் நடையைக் குறைத்தாள். தெரு முனையில், தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நான் குளிச்சிட்டுத் தண்ணியத் தள்ளிவிடல அத்தை. அம்மா வழுக்கிட்டாங்க. விழல, சுவரப் பிடிச்சுக்கிட்டாங்க. அன்னிக்குச் சாயங்காலம்தான் ரத்தம் வந்துச்சு."

இந்த நாலு வாரமாக அந்தப் பிள்ளை பையில் எதைச் சுமந்துகொண்டு திரிந்தது என்று இப்போதுதான் அத்தைக்கு விளங்கியது. கட்டிப்பிடிக்க அவளுக்கு வராது. அங்கேயே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தாள். மேனேஜரும் உட்கார்ந்தாள்.

"லிஃப்ட் நின்னுபோனா, கடைசியா பட்டன் அழுத்தினவங்க முகத்தப் பாக்கணும் நீ. நாமதான் கெடுத்துட்டோம்னு நெனச்சு அப்படியே நடுங்குவாங்க. பட்டன் அழுத்தி எந்த லிஃப்டும் கெட்டதில்ல. அதுக்கு முன்னாடியே உள்ள ஏதாவது ஆயிருக்கும்."

"எப்போ ஆயிருக்கும்?"

பொய் சொன்னால் இவள் கண்டுபிடித்துவிடுவாள். "எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்ககிட்ட கேப்போம்" என்றாள் அத்தை.

நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் பேசலாம். அத்தை போனில் விஷயத்தை இரண்டே வரியில் சொல்லிவிட்டு, மேனேஜர் கையில் கொடுத்தாள். அண்ணி பேசியபோது குரல் கரகரத்தது.

"தங்கம், அது ஸ்கேன்லயே தெரிஞ்சுபோச்சு. நஞ்சுக்கொடி கீழ இறங்கியிருக்கு, ரத்தம் வரலாம், பத்திரமா இருங்கன்னு டாக்டர் சொன்னாங்க. நான்தான் உங்ககிட்ட சொல்லல, பயப்படுவீங்கன்னு."

"ஸ்கேன் என்னிக்கு எடுத்தீங்க?"

"இரு, ஃபைல் இங்கதான் இருக்கு." காகிதம் புரளும் சத்தம். "பதினாலாம் தேதி."

மேனேஜர் போனோடு எழுந்து சுவர்க் காலண்டரிடம் போனாள். ஒரு தாளைப் பின்னால் புரட்டி, பதினாலில் விரலை வைத்து, ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினாள். அம்மா வழுக்கிய இருபத்தெட்டில் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். அண்ணி அந்தப் பக்கம் காத்திருந்தாள். அத்தை அடுக்களை வாசலில் நின்றாள்.

"ரெண்டு வாரம்" என்றாள் மேனேஜர்.

"ஆமா. ரெண்டு வாரம் முன்னாடியே."

"சரி" என்று போனை அத்தையிடம் கொடுத்துவிட்டு, அவள் தன் அறைக்குப் போனாள். ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால், கட்டிலில் குறுக்காகக் கிடந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அப்படி அடித்துப்போட்ட மாதிரி அவள் தூங்கி அத்தை பார்த்ததே இல்லை. சாப்பிடக்கூட எழுப்பவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பூங்காவில் முப்பது பிள்ளைகளுக்குக் குறையாமல் நின்றார்கள். சேதியைப் பரப்பியது யார் என்று கேட்க வேண்டியதில்லை. வாலு கூட்டத்தின் நடுவே, தொட்டியைத் தானே இறங்கிக் கழுவியதுபோல் விளக்கிக்கொண்டிருந்தான். ஆபரேட்டர் அன்றைக்குத் தேய்த்த சட்டை போட்டு வந்திருந்தார்.

"நீங்களே அழுத்துங்க மேடம்" என்றார்.

அத்தை மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் பையை இறக்கி வைத்துவிட்டு வந்து, பொத்தானுக்கு முன்னால் நின்றாள்.

"மறுபடி நின்னுடுச்சுன்னா?"

"மறுபடி தொறப்போம்" என்றார் ஆபரேட்டர். "நான் எங்க போயிடப்போறேன்."

அழுத்தினாள். டிக். ஒன்றும் இல்லை. முப்பது பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு தரைக்கடியில் ஏதோ உறுமியது. துளைகள் ஒவ்வொன்றாக இருமின, நுரையைத் துப்பின. விரல் உயரத்துக்குத் தண்ணீர் எட்டிப் பார்த்தது. முழங்கால், இடுப்பு, தலை என்று ஏறி, இருபத்திரண்டு வெள்ளைக் கம்பங்களாக வெயிலில் நின்றது. பூங்காவே ஒரே கூச்சலாக உள்ளே பாய்ந்தது.

மேனேஜர் பாயவில்லை. தூணைப் பிடித்தபடி நின்றாள். தூறல் அவள் முகத்தில் விழுந்தது. துடைக்கக் கை உயர்ந்து, பாதியில் நின்றது. வா என்று அத்தை கூப்பிடவில்லை. கூப்பிடாமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மேனேஜர் செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஜோடியாக வைத்தாள். ஈரத்தில் ஒரு காலை வைத்துப் பார்த்தாள், அடுத்த காலையும் வைத்தாள். ஓடாமல், தெருவைக் கடக்கிறவள் மாதிரி நேராக நடந்து, நடுவிலிருந்த பெரிய பீச்சலுக்குள் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். தலைமுடியிலிருந்து கவுன் வரைக்கும் உடம்போடு ஒட்டிக்கொண்டது. தோள்கள் மெல்லக் கீழே இறங்கின.

சட்டென்று தண்ணீர் நின்றது. மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை தானாக நின்றுவிடும். பிள்ளைகள் "ஆ…" என்று இழுத்தார்கள். மேனேஜர் கண்ணைத் திறந்தாள். சொட்டச் சொட்டத் தூணை நோக்கி நடந்து வந்து, முஷ்டியால் பொத்தானில் ஒரு குத்து விட்டாள்.

அதற்குப் பிறகு அந்த இடம் அவள் கைக்கு வந்துவிட்டது. "நீ அந்த ஓட்டைய மிதி. வாலு, நீ இத. எல்லாரும் நான் சொன்னப்புறம்தான் கால எடுக்கணும்" என்று அதட்டினாள். தெரியாத பிள்ளைகளெல்லாம் சொன்னபடி கேட்டன. வழிகள் ஒவ்வொன்றாக அடைபட, மிச்சமிருந்த பீச்சல்கள் மேலும் மேலும் உயர்ந்து, விளக்குக் கம்பத்தைத் தாண்டின. ஆபரேட்டர் பின்வாங்குவதற்குள் அவர் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. அவர் நகராமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். நடுப் பெரிய துளையை மூட யாராலும் முடியவில்லை. மேனேஜர் போய் அதன்மேல் சம்மணம் போட்டு, முழு எடையையும் வைத்து உட்கார்ந்தாள். கவுன் பலூன் மாதிரி அவளைச் சுற்றி உப்பியது. அடியில் தண்ணீர் முட்டி மோத, அவள் லேசாக ஒரு பக்கம் எழும்பி, மறுபக்கம் சாய்ந்து, மறுபடி எழும்பி, இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு, விடுவதாக இல்லை என்று உட்கார்ந்திருந்தாள்.