கேடயத்தின் கனம்

பேராசிரியர் மைக்கைப் பிடித்தால் மைக்குக்கே மூச்சு வாங்கும். கருத்தரங்கின் நிறைவு விழாவிலும் அப்படித்தான். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு கரைவதை ஒரு கொடியின் இலைச்சத்து தடுக்கும் என்று முழங்கினார். கட்டுரையில் ‘எலிகளில்’ என்றொரு சொல் இருந்தது. மேடையில் அது கைதட்டலுக்கு இடைஞ்சல் என்று பட்டதால் விட்டுவிட்டார்.

“இனி ஊசி எதற்கு? இலை போதும்!”

அரங்கம் அதிர்ந்தது. கருங்கல் கனத்தில் ஒரு பித்தளைக் கேடயத்தைத் தூக்கிக் கொடுத்தார்கள்.

முன்வரிசையில் அக்கா. சின்ன வயதில் அவரை இடுப்பைவிட்டு இறக்காமல் சுமந்து திரிந்தவள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எலும்புக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தவள், அடுத்த ஊசிக்குப் போகவில்லை.

“வீட்லயே ஒரு மேதை இருக்கறப்ப ஊசி எதுக்குடா?”

மேதைக்கு உச்சி குளிர்ந்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு டப்பா பொடி கொண்டுவந்து கொடுத்தார்.

“குமட்டுதுடா.”

“மூக்கப் பிடிச்சுக்கிட்டு முழுங்குக்கா. உலகமே இதுக்குக் காத்துக்கிட்டிருக்கு.”

சில மாதம் கழித்து, தூசு தட்டுவதற்காக அக்கா கேடயத்தை அலமாரியிலிருந்து தூக்கினாள். அவள் முதுகில் ‘டக்’ என்றது. காபியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அது தெரிந்த சத்தம். மருந்து பலித்ததா என்று பார்க்க, எலிகளைக் கொன்று, தொடையெலும்பை எந்திரத்தில் வைத்து ஒடிப்பார்கள். அப்போது வருவது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

“முதுகெலும்பு மூணு எடத்துல நொறுங்கியிருக்கு. இந்த ஊசியப் பாதியில விட்டா இப்படி ஆகலாம். யாரும்மா நிறுத்தச் சொன்னது?”

“நானாத்தான் விட்டேன். தம்பி விடாதன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டான். நான்தான் கேக்கல.”

எந்த மேடையிலும் வாய் ஓயாதவர் குனிந்து அவள் போர்வையைச் சரிசெய்தார். டாக்டர் போனதும் அக்கா மெதுவாகக் கேட்டாள்.

“ஷீல்டு ஒண்ணும் ஆகலையேடா?”

“இல்லக்கா. அந்தப் பொடி... எலிங்களுக்குத்தான்கா குடுத்துப் பாத்தோம். மனுஷங்களுக்கு இல்ல.”

அக்கா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் படுக்க அவளால் முடியவில்லை.

“போவுது. எலிங்களுக்காவது நல்லாச்சாடா?”

“நல்லாச்சுக்கா.”

எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை.