நூறு ஆட்டத்தின் கணக்கு

அட்லாண்டிக் சிட்டி சூதாட்ட மேசையில், வந்துபோன சீட்டுகளை மனதில் எண்ணிக்கொண்டே ஆடுவான் திருமலை. பார்சிப்பனியில் புள்ளியியல் உத்தியோகம் பார்க்கிறவன். அன்று வாய்ப்பு தன் பக்கம் சாய்ந்ததும் கையிலிருந்த மொத்தத்தையும் ஒரே ஆட்டத்தில் வைத்தான். தோற்றான்.

அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மிச்சமிருந்த சீட்டுக்கட்டில் ஆடுகிறவனுக்குச் சாதகமான பெரிய சீட்டுகளே அதிகம்; வாய்ப்பு முன்பைவிடப் பிரமாதம். வைக்கத்தான் ஒன்றுமில்லை.

ஆடாதவனுக்கு நாற்காலி எதற்கென்று எழுப்பிவிட்டார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி வந்து உட்கார்ந்து, அடுத்தடுத்து ஜெயித்தாள்.

"கால்குலேஷன் தப்பாயிடுச்சாடா?" என்று கேட்டான் கூட வந்த முரளி.

"கரெக்ட்தான். நூறு தடவை ஆடினா ஜெயிக்கிற கணக்கு. நான் நூறையும் ஒரே தடவையில ஆடிட்டேன்."

கிழவி மறுபடியும் ஜெயித்தாள்.