மூன்று மில்லிமீட்டர்

1

இடுப்பு வலியில் படுத்துக்கிடந்தபோது பிடிபட்ட கதை இது. இருபத்திரண்டு வருஷம் கேபிள் புதைக்கக் குழி வெட்டியவன் நான். இடுப்பு வலி எனக்குப் புதிதில்லை. ஆனால் இது குழி வெட்டி வந்த வலி இல்லை. போன நவம்பரில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் குந்தி உட்கார்ந்து, மெழுகுவத்தி காற்றில் அணையாமலிருக்க ஒரு மைலோ டின்னைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். எழ முடியவில்லை. என்னோடு வளர்ந்த சிலுவைராஜ்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். அந்தக் கையைப் பிடித்ததிலிருந்து வலி.

இப்போது 1986. ஆங் மோ கியோ அடுக்குமாடி வீட்டில் பாயில் குப்புறப் படுத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அச்சுக் கோப்பவர் பொறுத்துக்கொள்ளட்டும்.

2

முதல் தொடக்கம்: 'காலாங் ஆற்றின் கரையில், செங்கல் சூளைப் புகைக்கு நடுவே, இரண்டு சிறுவர்கள் கைகோத்துக்கொண்டு...'

விட்டுவிட்டேன். நாங்கள் கைகோத்ததே இல்லை. சிலுவைராஜின் அப்பா அந்தோனி சூளையில் மண்டோர். ஆள்களை வேலை வாங்குகிறவர். மேட்டில் தகரக் கூரை போட்ட வீடு. என் அப்பா மருதப்பன் கல் சுமந்தவர். பள்ளத்தில், சதுப்பில் கால் நட்டு நிற்கும் அத்தாப்பு ஓலைக் குடிசை. கடல் ஏறினால் படுக்கைக்குக் கீழே தண்ணீர் சளசளக்கும். அவன் இஸ்திரி போட்ட சட்டையில் கோயிலுக்குப் போவான். எனக்கு வயிறு எரியும். நாற்பத்தொன்பது வயதாகிவிட்டது, இன்னும் எரிகிறது.

இரண்டாம் தொடக்கம்: 'சிலுவைராஜ் நல்லவன்.'

இது உண்மை. அதனால்தான் மேலே ஓடவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் இந்நேரம் கதையை முடித்திருப்பேன்.

3

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

சிலுவைராஜ் ஓர் எஞ்சினியர் ஆபீசில் படம் வரைகிறவன். கிளமெண்டியில் வீடு. 1981இல் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் அவனுக்கு ஒரு தாள் கிடைத்தது. வெள்ளைக்காரன் காலத்து நில வரைபடம். மேட்டுக்குச் சுழிகோடு, சதுப்புக்கு நீலக் கீற்று, வீட்டுக்குக் கறுப்புக் கட்டம். சிராங்கூன் ரோட்டில் முகைதீனின் காப்பிக் கடைக்கு என்னை வரச்சொல்லி, மேசையைத் துடைத்து விரித்தான்.

"பாத்தியாடா வேலு, இது சூளை. இது எங்க வீடு, எள்ளு மாதிரி. உங்க வீடு எங்க லா?"

தேடினேன். எங்கள் பள்ளத்தில் நீலக் கீற்றுகள்தான் இருந்தன.

"வீடே இல்லடா. தண்ணிதான் போட்டிருக்கான். நீ என்ன தவளையா?"

முகைதீன் அதைப் பிடித்துக்கொண்டார். "தவளையண்ணனுக்கு டீ போடவா, தண்ணியே போதுமா?"

நானும் சிரித்தேன். சிரித்துத்தானே ஆகவேண்டும்.

"நீயே குறிச்சுக் குடுடா, உனக்குத்தானே தெரியும்" என்று சட்டைப் பையிலிருந்து மெல்லிய முனைப் பேனாவை எடுத்து நீட்டினான். எங்கள் வீட்டை நான் பள்ளத்தில் குறிக்கவில்லை. மேட்டில், அவர்கள் வீட்டு வரிசையில், ஒரு கறுப்புக் கட்டம் போட்டேன். அவனுடையதைவிடக் கொஞ்சம் பெரிதாக.

சரியான இடத்திலிருந்து மூன்று மில்லிமீட்டர் தள்ளி.*

* இருபத்தையாயிரத்தில் ஒன்று என்ற அளவில் போட்ட தாள். மூன்று மில்லிமீட்டர் என்றால் தரையில் எழுபத்தைந்து மீட்டர். எங்கள் அப்பன்மார் கணக்கில் எண்பது கஜம்.

4

முதல் பிரதியில் இந்த இடத்தில், 'எதற்குக் கேட்கிறான் என்று அப்போது எனக்குத் தெரியாது' என்று எழுதியிருந்தேன். நீங்களும் பார்க்க வேண்டும் என்றுதான் கிழிக்கவில்லை.

பொய். தெரியும். கடைக்குள் நுழையும்போதே சொல்லிவிட்டான்.

ஜப்பான்காரன் காலத்தில் அவன் தங்கை உர்சுலா, எட்டு மாதக் குழந்தை, காய்ச்சலில் செத்துப்போனாள். கல்லறைக்குக் கொண்டுபோக வழியில்லை. எங்கள் குடிசைக்கு அந்தப் பக்கம், தண்ணீர் ஏறாத ஒரு திட்டில் என் அப்பாதான் குழி வெட்டினார். எனக்கு ஏழு வயது. பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சதுப்பைத் தூர்த்தார்கள், ஆற்றை நேராக்கினார்கள், அடுக்குமாடி வந்தது. அவன் அம்மா அல்போன்சம்மாளுக்கு நினைவில் மிஞ்சியது ஒரே கணக்கு: மருதப்பன் வீட்டு வாசலிலிருந்து ஆற்றைப் பார்த்து நாற்பது எட்டு நடந்தால் குழி. செத்துப்போவதற்கு முன் அந்த இடத்தில் ஒரு மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

எல்லாம் தெரிந்துதான் குறித்தேன். பேனா கையில் இருந்தபோது குழந்தை ஞாபகத்தில் இல்லை. தவளைதான் இருந்தது.



5

அந்த வருஷக் கல்லறைத் திருநாளில் சிலுவைராஜ் புது வரைபடத்தையும் பழையதையும் பொருத்தி, நாடா பிடித்து அளந்தான். என் கட்டத்திலிருந்து நாற்பது எட்டு. கார் நிறுத்துமிடத்தில், ஒரு லாரிக்குப் பக்கத்தில் வந்து முடிந்தது. நிஜ இடம் எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. பூப்பந்துத் திடல். பிள்ளைகள் குதித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அல்போன்சம்மாள் தரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"மருதப்பன் மவன்தானே நீ? ஒங்கப்பாருதாய்யா குழி வெட்டுனாரு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். இங்கதானா?"

"இங்கதான் பெரியம்மா" என்றேன்.

ஐந்து வருஷமாக அங்கேதான் ஏற்றுகிறாள். டின் பிடிப்பது என் வேலை.

6

சிலுவைராஜ் இதைக் கட்டுரையாக எழுதி ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பேப்பருக்கு அனுப்பினான். வாழ்நாளில் கடிதம்கூட ஒழுங்காக எழுதாதவன். அரைப் பக்கம் போட்டார்கள், வரைபடத்தோடு. காப்பிக் கடையில் ஆள்கள் அழுதார்கள். பதினாறு வருஷமாகக் கதை எழுதுகிறேன், எனக்காக எவனும் மூக்கைக்கூட உறிஞ்சியதில்லை.

என் மனைவி சரஸ்வதி பேப்பரைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். "அட, நம்ம வீடு அவங்க வீட்டை விடப் பெருசா இருக்கே! அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க?"

அந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கற்பனைதான் உண்டு. அது என்னுடையது. அதை எவனும் பாராட்டவில்லை.

பூப்பந்துத் திடல் என்று தெரிந்தால் கிழவி தாங்கமாட்டாள், அதனால்தான் சொல்லவில்லை என்று ஒரு பத்தி எழுதினேன். நன்றாக வந்திருந்தது. சாக்குகள் எனக்கு எப்போதும் நன்றாக வரும். எடுத்துவிட்டேன்.

7

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறேன், அவள் அழுது என்னை மன்னிக்கிறாள். மன்னிப்பாள் என்று எனக்கு யார் சொன்னது?

முடிவு இரண்டு: நான் சொல்வதற்குள் அவள் போய்ச் சேர்கிறாள். எனக்கு வசதியான முடிவு. நீங்களும் நம்பாதீர்கள்.

முடிவு மூன்று: சிலுவைராஜுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும், தெரிந்தும் அவன்...

இல்லை. அவ்வளவு பெரிய மனசை அவனுக்கு நான் கொடுக்கமாட்டேன். ஏற்கெனவே அவனிடம் நிறைய இருக்கிறது.

பெயர்களையும் மாற்றவில்லை. அவன் என் கதைகளைப் படிப்பதில்லை, அந்தத் தைரியம்தான். நீங்கள் யாராவது அவனைக் கண்டால் சொல்லுங்கள், இல்லை, சொல்லாமல் விடுங்கள். முடிவு உங்கள் கையில்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் திருநாள். இன்று காலை போன் செய்தான்.

"டேய் தவளை, இடுப்பு எப்படி இருக்கு? டின்னை மறக்காம எடுத்துக்கிட்டு வா. அம்மா உன்னைத்தான் கேக்குறாங்க."

போவேன். அங்கே என்ன சொல்வேன் என்று இதில் எழுதப்போவதில்லை. அல்போன்சம்மாளுக்கு நான் எண்பது கஜம் பாக்கி.