இசைத்தட்டை முந்தியவன்

மதுரைத் தெற்குவாசல் யூனுஸ் ராவுத்தர் வீட்டுக்குள் பியானோ வந்தது அவருடைய சம்மதத்தோடு அல்ல. தல்லாகுளத்தில் ஒரு துரை ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது சாமான்களை ஏலம் விட்டார். பித்தளை அண்டா, குத்துவிளக்கு ஏதாவது மலிவாகக் கிடைக்குமா என்று பார்த்துவர மகன் ஜலாலை அனுப்பினார் ராவுத்தர். அவன் பித்தளை இருந்த பக்கமே திரும்பவில்லை. சாயங்காலம் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. வந்த ஆட்கள் வாசல் கதவைக் கழற்றிவைத்துவிட்டு அந்தக் கறுப்புப் பெட்டியைக் கூடத்தில் இறக்கினார்கள்.

மகன் வாசித்ததை முதல் நாள் கேட்டுவிட்டு, "வெண்கலக் கடையில யானை புகுந்த மாதிரியில்ல இருக்கு" என்றார் ராவுத்தர். அவர் நடத்துவதே வெண்கலக் கடைதான். அதனால் அந்தப் பழமொழியைச் சொல்ல ஊரில் வேறு யாரையும்விட அவருக்கு உரிமை அதிகம்.

ஜலால் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். பாதிரியாரின் மனைவியிடம் பியானோவும் கற்றுக்கொண்டான். கெட்டிக்காரன்தான், அதைச் சொல்லியாக வேண்டும். விரல்கள் நல்ல நீளம். ரோசம் அதைவிட நீளம். ஏலத்தில் பியானோவோடு ஒரு கிராமபோனும் ஒரே ஒரு இசைத்தட்டும் சேர்ந்து வந்திருந்தன. ஜெர்மனியில் இருநூறு வருசத்துக்கு முன்னால் வாழ்ந்த பாக் என்பவர் எழுதிய இசையை, யாரோ ஒரு வெள்ளைக்கார வித்வான் பியானோவில் வாசித்த தட்டு அது. அந்த இசையின் புத்தகம் ஜலாலிடம் முன்பே இருந்தது. அந்த வித்வான் போகிற வேகத்தில் தானும் போய்விட்டால் தானும் வித்வான்தான் என்று அவன் முடிவு கட்டினான். இசையில் வேகம் ஒன்றைத்தான் கடிகாரத்தை வைத்து அளக்க முடியும். அதனால் ஆண்பிள்ளைகளுக்கு அதன்மேல் ஒரு மயக்கம்.

சென்னையில் ரேடியோ நிலையம் தொடங்கி ஒரு வருசம்கூட ஆகாத நேரம் அது. மேல்நாட்டுச் சங்கீதம் வாசிக்கத் தெரிந்தவர்களைத் தென்ஜில்லாக்களில் தேடிக்கொண்டு ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஆனி மாசம் வரப்போவதாகவும், தல்லாகுளத்துப் பாதிரியார் பங்களாவில் உட்கார்ந்து கேட்கப்போவதாகவும் செய்தி வந்தது. தேறினால் ரேடியோவில் பத்து நிமிசம்.

ராவுத்தர் அதைப் பிடித்துக்கொண்டார். "உன் பெட்டி ரேடியோவுல கேட்டுச்சுன்னா வச்சுக்க. கேக்கலன்னா மறுநா வண்டி வரும், ஏத்தி விட்டுருவேன்."

"சரி அத்தா" என்றான் ஜலால்.

அவனுக்குக் கல்யாணமாகிப் பத்து மாசம். மனைவி பக்ருன்னிசா திருமங்கலத்துப் பெண். மாமனார் எதிரில் மருமகள் வாய் திறப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. ராவுத்தர் கூடத்துக்கு வந்தால் அவள் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். பேச வேண்டியதெல்லாம் புருசனிடம்தான். அவனோ பகல் முழுவதும் கடையில் இருப்பான். பொழுதடைந்து மஃரிபு தொழுதுவிட்டு வந்ததும் பியானோவில் உட்கார்ந்துவிடுவான். கிராமபோனுக்குச் சாவி கொடுப்பது, தட்டைத் திருப்பிப் போடுவது, ஒவ்வொரு தடவையும் ஊசி மாற்றுவது எல்லாம் அவள் வேலை. அவன் காதைத் தட்டிடமும் கையைப் பெட்டியிடமும் கொடுத்துவிட்டுக் கூடவே ஓடுவான். ஒரு சாயங்காலத்துக்கு இத்தனை தடவை என்று அவனே ஒரு கணக்கு வைத்திருந்தான். அது முடிந்த பிறகுதான் சாப்பாடு. அவன் சாப்பிடாமல் அவளும் சாப்பிடுவதில்லை. குழம்பை அவள் அடுப்பில் எத்தனை தடவை ஏற்றி இறக்கினாள் என்று அவனுக்குத் தெரியாது.

மாசி மாசத்தில் ஒரு நாள் ஊசி மாற்றும்போது, சுற்றுகிற வட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்னத் திருகில் அவள் விரல் பட்டது. திருகு கொஞ்சம் நகர்ந்தது. அன்றைக்குப் பாட்டு கொஞ்சம் சீக்கிரம் முடிந்தது. பக்ருன்னிசா அந்தத் திருகை ஒரு நிமிசம் உற்றுப் பார்த்தாள். தட்டு வெரசாகச் சுற்றினால் பாட்டு வெரசாக முடியும், பாட்டு முடிந்தால் அவன் சாப்பிட வருவான். அவள் கணக்கு அவ்வளவுதான், அதில் தப்பும் இல்லை. மறுநாள் வேண்டுமென்றே ஒரு மயிரிழை திருகி வைத்தாள்.

ஜலால் தட்டைத் துரத்திக்கொண்டிருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டே வாசிக்கிறான் என்றுதான் நினைத்தாள். அவனோ, எட்டிப் பிடிக்கப் போகிற நேரத்தில் வித்வான் நழுவிவிட்டதைக் கண்டு பல்லைக் கடித்தான். இன்னும் நாலு தடவை போடச் சொன்னான். சாப்பாடு முன்னைவிட நேரமாகியது. அவள் திருகை இன்னும் கொஞ்சம் தள்ளினாள். அவன் இன்னும் கொஞ்சம் ஓடினான். பங்குனி போய்ச் சித்திரையும் போனது. ஒருவர் வேலையை ஒருவர் கூட்டிக்கொண்டே போகிறார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. குடும்பத்தில் இப்படி நடப்பது ஒன்றும் அதிசயமில்லை.

வேகம் ஏறினால் தட்டின் சுருதியும் ஏறும். அவனுக்கு அது காதில் விழாமல் இல்லை. தட்டு ஒரு சுருதியிலும் பியானோ ஒரு சுருதியிலும் நின்றன. நாளுக்கு நாள் விலகியும் போயின. ஆனால் படித்தவனுக்குக் காரணம் கண்டுபிடிக்கச் சொல்லித்தர வேண்டுமா.

"ஐரோப்பாவுல குளிரு, பக்ரு. கம்பி வெறச்சுக்கிட்டு நிக்கும், சத்தம் மேலதான் வரும். நம்ம ஊரு வெயிலு ஏற ஏற இந்தக் கம்பியெல்லாம் தளந்து போகுது. அம்புட்டுத்தான்."

"அப்புடியா மச்சான்" என்றாள் அவள். வெயிலும் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

ரேடியோ அம்மாள் வருவதற்கு ஒரு வாரம் இருக்கையில் ராவுத்தர் சாப்பிட உட்கார்ந்தபடி மகனை விசாரித்தார். "என்னடா, தேறுமா தேறாதா?"

"அந்த ஆளப் பிடிக்க முடியலத்தா. நான் ஒரு எட்டு வச்சா அவன் ரெண்டு எட்டு வைக்கிறான். நாளுக்கு நாள் ஓடுறான்."

ராவுத்தர் கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தார். "தட்டுல இருக்கவன் எப்புடிடா நாளுக்கு நாள் ஓடுவான்? அது வார்த்து எடுத்த குண்டான் மாதிரி. நேத்து எப்புடியோ இன்னைக்கும் அப்புடித்தான்."

"உங்களுக்கு அது வெளங்காதுத்தா."

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த பக்ருன்னிசாவுக்கு விளங்கிவிட்டது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் மத்தியானம், வீட்டில் ஆண்கள் இல்லாத நேரத்தில், திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைத்தாள். ஆதியில் அது நின்ற இடத்தில் களிம்பு பிடித்து ஒரு கோடு விழுந்திருந்தது. தேடவேண்டிய சிரமம் இருக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஜலால் வாசிக்க ஆரம்பித்தான். வித்வான் இன்னும் வழியில் இருக்கும்போதே இவன் முடித்துவிட்டான். நம்ப முடியாமல் மறுபடியும் வாசித்தான். மறுபடியும் முடித்துவிட்டான். தட்டின் சுருதி இறங்கிப் பியானோவோடு சேர்ந்துவிட்டதை அந்த வேகத்தில் அவன் கவனிக்கவே இல்லை. எழுந்து கூடத்தைச் சுற்றி நடந்தான்.

"முந்திட்டேன் பக்ரு. அவன முந்திட்டேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய் அல்வாவும் மல்லிகைப்பூவும் வாங்கிவந்தான். சோற்றைச் சூடாகச் சாப்பிட்டான். திருமங்கலத்தில் அவள் அத்தா எப்படி இருக்கிறார், அவள் தங்கைக்கு வரன் ஏதும் வந்ததா என்றெல்லாம் கேட்டான். கல்யாணமான இத்தனை மாசத்தில் அவன் அவ்வளவு நேரம் அவளோடு பேசியதே இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் எதிரில் இருந்தது அவள் மாசக்கணக்காகக் காத்திருந்த சந்தோசம். அதில் மண் அள்ளிப் போட அவளுக்கு மனம் வரவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று தள்ளிவைத்தாள். அதற்கு மறுநாளும் அப்படியே போனது.

தல்லாகுளத்துக்குப் போகும்போது ஜலால் அந்த இசைத்தட்டையும் கையோடு எடுத்துப் போனான். யாரை முந்தினான் என்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா. பங்களாவில் பாதிரிமார், டாக்டர், நாலைந்து வக்கீல்கள் என்று ஒரு கூட்டம் இருந்தது. அவன் வாசித்து முடித்ததும் கூரை இடிகிற மாதிரி கைதட்டினார்கள். வேகத்துக்கு எந்த ஊரிலும் கைதட்டல் உண்டு. வண்டியூர்த் தெப்பக்குளத்தில் மைய மண்டபத்து உச்சியிலிருந்து குதிக்கிறவனுக்கும் கிடைக்கும்.

ரேடியோ அம்மாள் மட்டும் தட்டவில்லை. "என்ன அவசரம் உங்களுக்கு? வெளியே வண்டி காத்திருக்கிறதா?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

ஜலாலுக்குச் சுருக்கென்றது. இசைத்தட்டை எடுத்து நீட்டி, "இவரைவிட வேகமாக வாசிக்கிறேன், போட்டுப் பாருங்கள்" என்றான்.

பங்களாவிலும் ஒரு கிராமபோன் இருந்தது. அந்த அம்மாள் தட்டை வைத்தாள். ஜலால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கூடவே ஓடாமல் அவன் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை. முதல் சுரம் எழும்பியது. அது சற்றுமுன் அவன் வாசித்த பியானோவின் அதே சுரம். மேலே ஏறவும் இல்லை, விலகவும் இல்லை. ஆனி மாசத்து வெயில் வெளியே கொளுத்திக்கொண்டிருந்தது. குளிர் தேசத்துக் கம்பியும் மதுரைக் கம்பியும் ஒன்றாகவே நின்றன. அவன் கட்டியிருந்த கையை மெதுவாக இறக்கினான்.

வித்வான் ஓடவே இல்லை, நடந்துகொண்டிருந்தார். சில இடங்களில் கொஞ்சம் வேகமாக, சில இடங்களில் யோசித்து யோசித்து நடந்தார். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால், விடுவிடுவென்று இறங்கிவந்த சுரங்கள் ஓரிடத்தில் நின்றன. ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு ஒரே ஒரு சுரம் தனியாகக் கேட்டது. அதன் பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. அந்த இடத்தை இத்தனை மாசத்தில் எத்தனை நூறு தடவை தாண்டி ஓடினோம் என்று நினைத்தபோது ஜலாலுக்கு வெட்கமாக இருந்தது.

"விரல்களில் குறை இல்லை" என்றாள் அந்த அம்மாள். "மூன்று மாசம் கழித்துத் திருநெல்வேலிக்குப் போகும்போது இந்த வழியாகத்தான் வருவேன். அப்போது மறுபடி கேட்கிறேன். இப்போது ரேடியோவில் இடம் கொடுக்க முடியாது."

வீட்டுக்குத் திரும்பும்போது ஜட்கா ஓட்டுகிற மலைச்சாமி, "வெரட்டவா பாய்?" என்றான். வேண்டாம் என்று ஜலால் கையசைத்தான். குதிரை தன் இஷ்டத்துக்கு வைகைப் பாலத்தைக் கடந்து தெற்குவாசல் போய்ச் சேர்ந்தது.

வீட்டுக்குள் நுழைந்தவன் நேராகக் கிராமபோனிடம் போய்க் குனிந்தான். களிம்புக் கோட்டுக்கு அப்பால், திருகு நகர்ந்த வழியெல்லாம் பித்தளை புதிதாகத் தேய்ந்து மினுங்கியது. வெண்கலக் கடைக்காரன் மகனுக்கு அது போதும்.

"நான்தான்" என்றாள் பக்ருன்னிசா, அவன் கேட்பதற்கு முன்பே.

கோபம் வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தது. "எதுக்குடி இப்புடிப் பண்ணுன?"

"பாட்டு வெரசா முடிஞ்சா நீங்க வெரசாச் சாப்புட வருவீகன்னுதான்." அவள் அழவில்லை. "பகல் பூராக் கடையில இருக்கீக. பொழுதடைஞ்சாப் பெட்டியில இருக்கீக. நான் எப்பத்தான் உங்ககிட்டப் பேச?"

அவன் தட்டை எடுத்து வைத்து, தானே சாவி கொடுத்து, தானே ஊசி மாற்றினான். பியானோவின் பக்கம் போகாமல் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் கேட்டார்கள். அந்த இடம் வந்தது. சுரங்கள் நின்றன.

"இந்த எடத்துல என்னமோ சொல்ல வந்துட்டு முழுங்கிக்கிறாரு, இல்ல மச்சான்?"

"ஆமா" என்றான் அவன்.

கடையைப் பூட்டிவிட்டு ராவுத்தர் வந்தார். பக்ருன்னிசா சட்டென்று எழுந்து கதவுக்குப் பின்னால் போனாள்.

"என்ன ஆச்சுடா?"

"தேறலத்தா. மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவ கேக்குறாகளாம். ஆனா பேசுனது பேசுனதுதான். வண்டிக்குச் சொல்லிருங்க."

ராவுத்தர் தலையாட்டினார். வாசல் பக்கம் திரும்பி ஆளைக் கூப்பிட வாயெடுத்தார்.

"விக்க வேணாம் மாமு."

அவர் திரும்பிப் பார்த்தார். மருமகள் கதவுக்கு முன்னால் நின்றாள். தலையில் முக்காடு இருந்தது.

"அவுக மேல தப்பில்ல. மிசினக் கெடுத்தது நான். மூணு மாசம் குடுங்க மாமு."

ராவுத்தர் மகனைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். மருமகளின் குரல் இப்படித்தான் இருக்கும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "மூணு மாசம்" என்றார் கடைசியில். "அதுக்கு மேல ஒரு நா கெடையாது." அப்படியே கைகால் கழுவப் போனார்.

சாயங்காலத் தொழுகை முடிந்து ஜலால் பியானோவில் உட்கார்ந்தான். கிராமபோனை மூடிவைத்துவிட்டான். முதல் வரியை வாசித்தான். நிறுத்தினான். விரல்கள் பழக்கத்தில் ஓடப் பார்த்தன. பிடித்து இழுத்து மறுபடி வாசித்தான். அந்த இடத்துக்கு வந்து சேரவே வெகுநேரம் ஆயிற்று. வந்தபோதும் சரியாக நிற்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

அடுக்களையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. பக்ருன்னிசா நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் அவனைக் கூப்பிடவில்லை.