கழுகுக்கண் கேட்ட வெள்ளை

என் வீட்டுக்காரருக்கு இணையத்தில் கழுகுக்கண் என்று பெயர். பழைய கார்ட்டூன் படங்களைத் துடைத்துப் புது டிஸ்க்காக விற்கிறார்களே, அவற்றில் நிறம் சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்வதுதான் அவர் வேலை. அதற்குச் சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு. வீட்டில் இரண்டும் கிடையாது.

சின்ன வயதில் தியேட்டரில் பார்த்த பனிமுயல் படம்தான் அவருக்கு வேதம். அதன் டிஸ்க் வந்ததும் பிடித்துக்கொண்டார். பனி மஞ்சளாக இருக்கிறதாம். நான் பார்த்தேன், வெள்ளையாகத்தான் இருந்தது. உனக்கென்ன தெரியும் என்று என் வாயை அடைத்துவிட்டு, வருடக்கணக்காகத் திட்டி எழுதினார். இணையத்தில் அவரை நம்பும் ஆட்களும் கூடச் சேர்ந்து ஒத்து ஊதினார்கள். தொல்லை தாங்காமல் கம்பெனிக்காரன் நிறத்தை மாற்றி மறுபடி வெளியிட ஒப்புக்கொண்டான். பெட்டியின் பின்பக்கம் ‘கழுகுக்கண் கேட்ட வெள்ளை’ என்று அச்சடிக்கப் போவதாகவும் சொன்னான்.

அதற்குள் கழுகு வாசற்படியில் இரண்டு தடவை இடறி விழுந்தது. கண் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை, பல வருடமாக முற்றி மஞ்சளாகிக் கிடக்கிறது, விட்டுவைத்தால் பார்வை போய்விடும் என்றார். முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன், அடுத்த மாதம் இடது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. அவருக்கு விளங்கியதா என்று முகத்தைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வலது கண்ணின் கட்டைப் பிரித்த வாரம் புது டிஸ்க் வந்தது. பனி, முயல், முயலின் பல் எல்லாமே, நீலம் அதிகமாகப் போட்டு அலசிய பள்ளிச் சட்டை மாதிரி இருந்தன. அவர் முகம் செத்துப்போனது. எனக்கே பாவமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டார். முகம் மலர்ந்தது.

"எழுதிக்கோ. பனி, ஒருவழியா, வெள்ளை."

கண்ணுக்கு மருந்து விடும் நாட்களில் தட்டச்சு என் தலையில் விழுந்திருந்தது. சொன்னதை அப்படியே அடித்தேன். ஆத்திரம் அடங்காமல் கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தது.’ மானம் போகட்டும், அப்போதாவது புத்தி வரும் என்றுதான் போட்டேன்.

மானம் போகவில்லை. மறுநாளே அவருடைய ஆட்கள் வலது கண்ணைப் பொத்திப் பார்த்துவிட்டு, ஆமாம், இப்போதுதான் பனி பனியாக இருக்கிறது என்று எழுதித் தள்ளினார்கள். ஒருவன் கண்ணில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு படமெடுத்துப் போட்டிருந்தான்.

அன்றைக்கே இவர் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, இடது கண்ணுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தக் கண் அவிந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று கத்தினேன். அவர் நிதானமாகத்தான் பதில் சொன்னார்.

"என்னை நம்பி இத்தனை பேர் ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாக்குறாங்க. இப்போ நான் மட்டும் ரெண்டையும் திறந்தா நல்லாவா இருக்கும்?"