மூன்றாம் ஓலை

"பிலோமினாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவும், அவரைக் கொன்றவர் மனந்திரும்பவும், குடும்பத்தார்" என்று மைக்கில் ஒரு பெண் படித்து முடித்ததும் கோயிலில் தலைகள் திரும்பின. எங்கே திரும்பும் என்று எனக்குத் தெரியாதா? இடது வரிசையில் ஐந்தாவது பெஞ்சு. அங்கே நானும் என் அப்பாவும் என் மகள் ஜென்சியும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். கீழ்க்கட்டளையில் ஞாயிறு பத்து மணிப் பூசைக்கு வாசல்வரை ஆள் நிற்பார்கள். எங்கள் பெஞ்சில் இன்னும் நாலு பேர் தாராளமாக உட்காரலாம். முப்பத்தேழு வருஷமாக ஒருவரும் உட்கார்ந்ததில்லை. தலைக்கு மேலே ஓடுகிற ஃபேனும் எங்களுக்கே எங்களுக்குத்தான்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும், இன்னாருக்காக இந்தப் பூசை என்று இப்படிப் பூசைக் கருத்து எழுதிக் கொடுப்பவர் பிலோமினாவின் அண்ணன் ஜெபசீலன். மற்றவர்கள் செத்தவர்களுக்குப் பூசை வைப்பார்கள். இந்த ஆள் உயிரோடிருக்கிற என் அப்பாவுக்கும் சேர்த்து வைக்கிறார். பெயர் மட்டும் சொல்லமாட்டார். எதற்குச் சொல்ல வேண்டும், அதுதான் ஊரே திரும்பிப் பார்க்கிறதே! இந்த வருஷம் பார்த்து அது ஜென்சியின் மூன்றாம் ஓலை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வாரம் பெண், மாப்பிள்ளை பெயரைப் படித்து, தடை இருந்தால் சொல்லுங்கள் என்பார்கள். யாரும் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. ஆனால் "மூணாவது ஓலைல நான் எந்திரிப்பேன்" என்று ஜெபசீலன் பத்துப் பேர் காதுபடச் சொல்லிவைத்திருந்தார்.

ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். என் அப்பா சவரிநாதன் இந்தக் கோயிலில் கோயில்பிள்ளையாக இருந்தார். மணியடிப்பது, திரி ஏற்றுவது, கதவு பூட்டுவது எல்லாம் அவர் வேலை. தினமும் காலை ஐந்தரைக்கு முதல் மணி. மழையோ புயலோ, ஒருநாள் தவறியதில்லை. எண்பத்தெட்டு ஆகஸ்டில் ஒருநாள் அந்த மணி ஆறு பத்துக்கு அடித்தது. ஆறரைக்குப் பூச்சாடிக்குத் தண்ணீர் எடுக்கப் போனவர்கள் கோயில் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு அலறினார்கள். உள்ளே பிலோமினா. கோயில் வளாகத்தில் தையல் சொல்லிக்கொடுத்த பெண், இருபத்து மூன்று வயது. தலையில் அடித்துவிட்டுத் தள்ளியிருக்கிறார்கள் என்றார்கள். அந்த நாற்பது நிமிடம் எங்கே போனாய் என்று கேட்டே அப்பாவைப் பதினோரு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். இரண்டு நகம் இல்லாமல் வீட்டுக்கு வந்தார். கேஸில் கடைசிவரை துப்பு கிடைக்கவில்லை.

போலீஸ் மூடியதை ஊர் மூடுமா? தையல் வகுப்பு நின்றது. காலைப் பூசைக்கு வயசுப் பெண்கள் வருவது நின்றது. கிணற்றின் மேல் கான்கிரீட் போட்டார்கள். இப்போது அதன்மேல் பைக் நிறுத்துகிறார்கள். அப்பாவின் வேலை போனது. வேறு ஆளையும் வைக்காமல் மணிக்கு மோட்டார் வாங்கிப் போட்டார்கள். கொன்றவன் எவனோ, அவன் ஒரே ஒருத்தியைத்தான் கொன்றான். மிச்சத்தை இந்தக் கோயிலின் பங்கு மக்களே பார்த்துக்கொண்டார்கள்.

நேற்றுக் காலை, கோவளத்திலிருந்து மீன் கொண்டுவருகிற ரேணுகாம்பாள் கூடையை இறக்கும்போதே ஆரம்பித்தாள்.

"யக்கா, போன வாரம் கோயில் கேட்டாண்ட ஒருத்தன் கேமரா வச்சிகினு நின்னான். என்கைல மைக்க நீட்டி, அந்தக் கெணத்து கேசப் பத்திச் சொல்லுன்றான். எனக்கு அப்போ ரெண்டு வயசுடா, இன்னா தெரியும்னேன். பரவால்ல, தெரிஞ்ச மாரி சொல்லுன்றான், பேமானி."

சிரித்தேன். சாயங்காலம் சிரிப்பு அடங்கிவிட்டது. மாப்பிள்ளை ஜாய்சனின் அம்மா ரவிக்கை அளவு வாங்குகிற சாக்கில் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்தார். காபியைத் தொடவில்லை.

"நாங்க படிச்சவங்கதான். கல்யாணத்த நிறுத்தல்லாம் மாட்டோம். ஆனா அந்தக் கிணத்து கேஸ் யூடியூப் வீடியோவ ரிலேட்டிவ்ஸ் எல்லாரும் ஃபார்வேர்ட் பண்றாங்க. அதனால ஜென்சியோட தாத்தா கல்யாணத்தன்னைக்குக் கோயிலுக்கும் வர வேண்டாம், மண்டபத்துக்கும் வர வேண்டாம். ஒரு ஃபோட்டோல கூட இருக்கக் கூடாது."

"சரிங்க" என்றேன். மூச்சு விடுகிற நேரம்கூட யோசிக்கவில்லை. அப்பாவுக்காகத் தெருவில் எத்தனை பேர் தலைமுடியைப் பிடிக்கப் போனவள் நான்! சொல்லிவிட்டு எனக்கே என்மேல் அருவருப்பாக வந்தது.

அந்த அம்மா போனபின் உள்ளே போனேன். கல்யாணத்துக்கென்று ஜென்சி வாங்கிக்கொடுத்த புதுச் செருப்பை அப்பா டப்பாவுக்குள் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார். எண்பத்தொரு வயசுக் கை, தாளைச் சுற்றவே நேரம் பிடித்தது.

"ராணி, அன்னைக்கு நீ முழிச்சிட்டுத்தானே இருந்தே?" என்றார், என்னைப் பார்க்காமல்.

ஆமாம், விழித்திருந்தேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்க ஐந்து மணிக்கே எழுந்துவிட்டேன். அப்பாவின் பாய் சுருட்டிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. வீட்டில் அவர் இல்லை. இன்ஸ்பெக்டர் கேட்டபோது, "ஆறு மணி வரைக்கும் அப்பா தூங்கிட்டிருந்தாங்க சார்" என்றேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வாயில் வந்தது.

"ஒம் பொண்ணே நீ தூங்கிட்டிருந்தன்றாளேன்னு ஸ்டேஷன்ல கேட்டாங்க. ஆமான்னுட்டேன். வேற சொன்னா உன்னையும் கொண்டாந்து என் எதிர்ல உக்கார வச்சிருப்பாங்க. பதினஞ்சு வயசுப் புள்ள. அப்புறம் எதைச் சொன்னாலும் நீ பொய்க்காரின்னு ஆயிடும். விட்டுட்டேன்."

எங்கேப்பா போனீங்க? நான் கேட்டிருக்க வேண்டியது அதை மட்டும்தான். "இப்ப எதுக்கு அதெல்லாம்? கல்யாணம் முடியட்டும்" என்றேன்.

"நீ கேக்கவே மாட்டே. என்ன சொல்லிடுவேனோன்னு உனக்கு பயம்" என்று டப்பாவை மூடினார்.

பயம்தான். என் அப்பா அதைச் செய்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இதை நான் எந்த ஃபாதரிடமும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதில்லை.

கருத்து வாசித்தபின் பூசை நடந்தது. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள் என்றார் ஃபாதர். எல்லாரும் முன்னும் பின்னும் திரும்பிக் கைகூப்பினார்கள். தங்கள் ஊர்ப் பங்குக் கோயிலில் காலைப் பூசையிலேயே ஓலையை முடித்துக்கொண்டு வந்திருந்த ஜாய்சனின் அம்மா நடுப்பாதைக்கு அந்தப்புறத்திலிருந்து ஜென்சிக்கு மட்டும் கும்பிடு போட்டார். நான் அப்பாவைக் கும்பிட்டேன், அப்பா என்னைக் கும்பிட்டார். எங்கள் சமாதானம் எப்போதும் அந்த பெஞ்சுக்குள்ளேயே முடிந்துவிடும்.

கடைசியில் மூன்றாம் ஓலை வாசித்தார்கள். "தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்றதும், வலது வரிசையில் ஜெபசீலன் எழுந்தார்.

"ஜெபசீலன் சார், எதுவா இருந்தாலும் ஆஃபீஸ்ல வந்து பேசுங்க" என்றார் ஃபாதர். அவர் சின்ன வயசு; வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

"முப்பத்தேழு வருஷமா எல்லா ஆஃபீஸ்லயும் பேசிட்டேன் ஃபாதர். எங்கம்மா கேட்டுக் கேட்டே செத்தாங்க." என் பக்கம் திரும்பினார். "பிள்ளைங்க கல்யாணத்துக்குத் தடை சொல்ல வரல. அமலராணி, நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னைக்கு மணியடிக்கிற நேரத்துக்கு உங்கப்பா வீட்லதான் இருந்தாரா? இந்தப் பீடத்தப் பாத்துச் சொல்லு. இருந்தாருன்னு நீ சொன்னா, இனிமே நான் அந்தக் கருத்து குடுக்கமாட்டேன். வேணும்னா உங்க பெஞ்சுல வந்து உக்காருறேன்."

எவ்வளவு சுலபம்! இருந்தார் என்று ஒரு வார்த்தை. ஏற்கெனவே ஒருமுறை சொன்னதுதான். ஜென்சி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "மம்மி, சொல்லிடுங்க, ப்ளீஸ்." ஜாய்சனின் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. வார்னிஷ் போன முன்பெஞ்சுக் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறுபடி பொய் சொன்னால், இந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டே செத்துப்போவார். நான் கேட்காமலேயே அவரைப் புதைப்பேன். எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஜெபசீலன்மேல், பிலோமினாமேல், எல்லாரையும்விட அந்தப் பதினைந்து வயசுக்காரிமேல்.

எழுந்தேன்.

"வீட்ல இல்ல. பாய் சுருட்டி வச்சிருந்துச்சு. நான் பொய் சொன்னேன்."

ஜென்சியின் கை முந்தானையை விட்டது. ஜாய்சனின் அம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஜெபசீலன் உட்காரப் போனார், மறுபடி நிமிர்ந்தார். கேட்டது கிடைத்ததும் அவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை போலிருந்தது.

நான் அப்பா பக்கம் திரும்பினேன். கோயில் முழுக்கக் கேட்டிருக்கும்.

"எங்கேப்பா போயிருந்தீங்க?"

அப்பா எழுந்திருக்க நேரமானது. எழுந்து, முன்பெஞ்சின் கட்டையை இரண்டு கையாலும் பற்றினார். மணிக்கயிற்றைப் பிடிக்கிற மாதிரி ஒரு கைமேல் இன்னொரு கை. இடது கையின் அந்த இரண்டு விரல்களிலும் நகம் கோணலாகத்தான் வளர்ந்திருந்தது. அவர் சொல்வது கேட்க வேண்டும் என்று பின்னால் யாரோ எங்கள் ஃபேனை நிறுத்தினார்கள்.